பழந்துணியின் மறுவாழ்வு

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியை அளக்கும்போது புதிதாக உற்பத்தியாகும் பொருள்களைக் கணக்கிடுவதே வழக்கம். எத்தனை மீட்டர் துணி நெய்யப்பட்டது, எத்தனை ஆடைகள் ஏற்றுமதியாயின என்பன புள்ளிவிவர ஏடுகளில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. ஆனால் அத்துணி உடுத்தப்பட்டு, நைந்து, பெட்டியின் அடியிலோ பரணிலோ ஒதுங்கிய பின்னர் அதற்கு நேர்வது என்ன என்பதைக் கணக்கிடுவோர் குறைவு. அதன் பயன் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பழைய சேலை மெத்தைவிரிப்பாகிறது. கம்பளிச் சட்டை மீண்டும் நூலாகிப் போர்வையாகிறது. தையற்கடைத் துண்டுகள் தலையணை உறையாகின்றன. இந்த மறுவாழ்வை நம்பி நம் நாட்டில் பெருந்தொகையான குடும்பங்கள் பிழைக்கின்றன.

பழம்பொருளுக்குத் தானாகப் புதுமதிப்பு வந்துவிடுவதில்லை. அதைச் சேகரிப்பவர், தரம் பிரிப்பவர், வெட்டித் தைப்பவர் ஆகிய மூவகை உழைப்பாளரின் கைத்திறனே அம்மதிப்பை உண்டாக்குகிறது. இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய உழைப்பு எவ்வாறு அமைந்துள்ளது, இன்று அதற்கு நேர்ந்துள்ள இடர்கள் எவை என்பவற்றை அறிந்தாலன்றி, கழிவு மேலாண்மை குறித்த திட்டங்கள் முழுமை பெறா.

வீட்டுக்குள் தொடங்கிய கலை

பழந்துணியைப் புதுப்பொருளாக்கும் வழக்கம் இந்திய வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருவது. தமிழ்நாட்டில் நைந்த பருத்திச் சேலை குழந்தைக்குத் தூளியாகிறது. மராட்டியத்தில் அது 'கோதடி' என்னும் போர்வையாகிறது. கட்சிலும் ராஜஸ்தானத்திலும் துண்டுகளை ஒட்டுப் போட்டு 'ரல்லி' தைக்கின்றனர். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் பல நிறத் துண்டுகளை அடுக்கித் தைக்கும் போர்வைகள் தனி அழகு வாய்ந்தவை.

இவ்வகைகளுள் வங்காளத்தின் 'காந்தா' பெரும்புகழ் பெற்றது. 'கந்தா' என்னும் வடசொல்லுக்குக் கிழிந்த துணி என்பது பொருள். தமிழில் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் அதனோடு தொடர்புடையதே. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, ஓரங்களை மடித்து, முழுப் பரப்பிலும் நெருக்கமாக நூலோட்டுத் தையல் இடுவதே காந்தாவின் அடிப்படை. தையலுக்கான வண்ண நூலையும் கடையில் வாங்குவதில்லை. பழஞ்சேலையின் கரையிலிருந்து இழைகளை உருவிக்கொள்வர். பணச் செலவு ஏறத்தாழ இல்லை. ஆனால் ஒரு பெரிய காந்தாவைத் தைத்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். சில நேரங்களில் ஆண்டுகளும் ஆகும்.

குளிர்காலப் போர்வைக்கு 'லேப்', விருந்தினர்க்கு விரிக்கும் விரிப்புக்குச் 'சுஜனி', தலையணை உறைக்கு 'ஓர்', கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் துணிக்கு 'ஆர்சிலதா' எனப் பயனுக்கேற்பப் பெயர்கள் வழங்கின. நடுவில் தாமரையும் நான்கு மூலைகளில் மரங்களும் தைப்பது பரவலான அமைப்பு. பச்சிளங் குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் பழந்துணியில் கிடத்தும் வழக்கத்திற்குக் கண்ணேறு படாதிருக்க வேண்டும் என்னும் நம்பிக்கை ஒரு காரணம். பலமுறை துவைத்த பருத்தி மென்மை மிகுந்தது என்னும் அனுபவ அறிவு மற்றொரு காரணம்.

வீட்டுப் பெண்களின் ஓய்வுநேர வேலையாக மட்டுமே கருதப்பட்ட இக்கலையின் அருமையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தவர்களுள் ஒருவர் குருசதய் தத். ஐ.சி.எஸ். அதிகாரியான அவர், வங்காள மாவட்டங்களில் பணியாற்றிய காலத்தில் ஊர் ஊராகச் சென்று காந்தாக்களையும் பிற நாட்டுப்புறக் கலைப்பொருள்களையும் சேகரித்தார். 1941இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பைக் கொண்டு கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் அருங்காட்சியகம் அமைந்தது. ஆட்சி அலுவலர் ஒருவர் தம் சுற்றுப்பயணங்களைப் பண்பாட்டுப் பணிக்கும் பயன்படுத்தியமைக்கு இது நல்ல சான்று.

பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமமும் குறிப்பிடத்தக்கது. அங்கும் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் 'சுஜனி' வழக்கில் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் தன்னார்வ அமைப்பினர் இதனை வருவாய் தரும் தொழிலாக வளர்த்தனர். பெண்கள் தம் வாழ்க்கையையே துணியில் தைக்கத் தொடங்கினர். வரதட்சிணைக் கொடுமை, பெண்கல்வி, தேர்தல் போன்றவை சுஜனியின் கருப்பொருள்களாயின. பின்னர் பீகாரின் சுஜனிக்கும் வங்காளத்தின் நக்சி காந்தாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வளர்ச்சியில் ஒரு முரணும் உண்டு. சந்தைக்கெனத் தைக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் புதுப்பட்டும் புதுப்பருத்தியும் பயன்படலாயின. தையல் வாழ்ந்தது, ஆனால் அத்தையலைப் பிறப்பித்த பழந்துணி அதைவிட்டு விலகத் தொடங்கியது. வீட்டில் தங்காத அப்பழந்துணி இப்போது எங்கே செல்கிறது என்னும் கேள்வி இங்கே எழுகிறது.

பாத்திரத்துக்குத் துணி

நகரங்களில் பழந்துணி வீட்டைவிட்டு வெளியேறும் முதல் வழி பண்டமாற்று. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கும் பழக்கமானவரே. வட இந்தியாவில் இத்தொழில் பெரும்பாலும், குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகத்தினரிடம் உள்ளது. இவர்கள் தம்மைத் 'தேவிபூஜக்' என்று அழைத்துக்கொள்வர். எவர்சில்வர் பாத்திரங்களைத் தலையில் சுமந்து வீடு வீடாகச் செல்பவர்கள் பெண்களே. ஒரு பட்டுச்சேலைக்கு எத்தனை பெரிய பாத்திரம், கால்சட்டைகள் எத்தனைக்கு ஒரு வாளி என்பன வாசற்படியில் பேரம் பேசி முடிவாகும். பேரத்தில் ஒருசில துணிகளைத் தவறாக மதிப்பிட்டாலும் அன்றைய உழைப்பு வீணாகும். ஆகவே துணியின் இழை, வயது, கிழிசல், அடுத்த வாங்குபவர் யார் என்பவற்றை ஒரு நொடியில் கணிக்கும் திறன் இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

தில்லியின் மேற்குப் பகுதியிலுள்ள ரகுவீர் நகரில் இத்துணிகளுக்கெனப் பெரிய சந்தை கூடுகிறது. பொழுது விடியுமுன்பே அங்கு விற்பனை தொடங்கிவிடும். அங்கிருந்து துணிகள் பல வழிகளில் பிரிகின்றன. உடுத்தத் தக்கவை துவைத்து, கிழிசல் தைத்து, தேய்த்து, ஏழை மக்கள் வாங்கும் சந்தைகளுக்குச் செல்கின்றன. பட்டுச் சேலைகள் திண்டு உறைகளாகவும், சுற்றுலாப் பயணிகள் விரும்பும் பாவாடைகளாகவும் உருமாறுகின்றன. அசல் சரிகையாயின் அதிலுள்ள வெள்ளி பிரித்தெடுக்கப்படுகிறது. நைந்த பருத்தி எந்திரம் துடைக்கும் துணியாக ஆலைகளுக்குப் போகிறது. எஞ்சியவை பிய்க்கப்பட்டு மெத்தைக்குள் அடைபடுகின்றன. இவ்வாறு ஒரே மூட்டையிலிருந்து ஐந்தாறு தொழில்கள் பிறக்கின்றன.

சங்கம் பிறந்த பூங்கா

பழந்துணி விற்கும் பெண்கள் நம் நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளனர். 1920இல் தோன்றிய அகமதாபாத் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு 1971இல் இலா பட் தலைமை வகித்தார். துணிச்சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்களின் கூலிக் குறையை அப்பிரிவு எடுத்துரைத்ததைக் கேள்வியுற்று, பழைய ஆடை விற்கும் பெண்களும் தம் குறைகளுடன் வந்தனர். பொதுப் பூங்கா ஒன்றில் கூட்டம் நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் கூடினர். அக்கூட்டத்தில் இருந்த ஒரு பெண், தங்களுக்கெனத் தனிச் சங்கம் வேண்டும் என்றார். அதன் விளைவாக 1971 டிசம்பரில் 'சேவா' என்னும் சுயதொழில் மகளிர் சங்கம் உருவாயிற்று.

சங்கத்தைப் பதிவு செய்வது எளிதாக இல்லை. முதலாளி என ஒருவர் இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்னும் கேள்வி எழுந்தது. சங்கத்தின் நோக்கம் உறுப்பினரை ஒன்றுபடுத்துவதே, எதிர்ப்பதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை என வாதிட்டு, 1972 ஏப்ரலில் பதிவு பெறப்பட்டது. அடுத்து, பாத்திரம் வாங்கவும் சரக்கு எடுக்கவும் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையை மாற்ற 1974இல் கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு செலுத்தி அதனைத் தொடங்கினர்.

அகமதாபாத்திலேயே 'சிந்தி' எனப்படும் ஆலைத் துண்டுத்துணியைக் கொண்டு மெத்தை உறை தைக்கும் பெண்கள் மற்றொரு பிரிவினர். வணிகர் தரும் துண்டுகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றனர். தையல் எந்திரம், நூல், விளக்கு ஆகியவற்றின் செலவு அவர்களையே சாரும். கூலி உயர்வு கேட்டால் துண்டு தருவது நின்றுவிடும். சேவாவின் துணையுடன் இவர்கள் கூட்டுறவு முறையில் துண்டுகளைத் தாமே வாங்கித் தைத்து விற்க முனைந்தனர். வீட்டிலிருந்து உழைப்போரும் தொழிலாளரே என்னும் கொள்கை, 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய வீட்டுவேலை உடன்படிக்கையில் ஏற்கப்பட்டது. அதற்காக உழைத்த அமைப்புகளுள் சேவா முன்னிலையில் இருந்தது.

பானிப்பட்டின் போர்வைகள்

கைத்தையலால் மறுவாழ்வு பெறும் துணி ஒரு பகுதியே. மற்றொரு பகுதி எந்திரத்தில் பிய்க்கப்பட்டு மீண்டும் நாராகிறது. இம்முறை தொழிலாக உருப்பெற்ற இடம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். அங்குள்ள பாட்லி என்னும் ஊரில் 1813இல் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியைப் பிய்த்து, புதுக் கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டார். அவ்வாறு கிடைத்த துணிக்கு 'ஷாடி' என்று பெயர்.

இந்தியாவில் ஷாடித் தொழிலின் தலைமையிடம் அரியானாவிலுள்ள பானிப்பட்டு. நாட்டுப் பிரிவினையின்போது அங்கிருந்த நெசவாளர் பலர் பாகிஸ்தான் சென்றனர். மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் குடியேறி நெசவைத் தொடர்ந்தனர். பிற்காலத்தில் அமெரிக்கா, ஐரோப்பா முதலிய நாடுகளில் ஒதுக்கப்படும் கம்பளி ஆடைகள் இந்நகருக்கு வந்து குவியலாயின. உள்நாட்டு ஆடைத்தொழிலைக் காக்கும்பொருட்டு, உடுத்தத் தக்க பழைய ஆடைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே அவை மீண்டும் உடுத்த முடியாதவாறு வெட்டிச் சிதைக்கப்பட்ட பின்னரே கந்தலாக அனுமதிக்கப்படுகின்றன.

பானிப்பட்டை அடைந்த கந்தல் முதலில் நிறவாரியாகப் பிரிக்கப்படுகிறது. சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல் என மலைபோல் குவித்து வைப்பர். இத்தரம் பிரித்தலே தொழிலின் உயிர்நிலை. ஒரே நிறத் துணிகளைச் சேர்த்து நூற்பதால் மீண்டும் சாயம் ஏற்ற வேண்டுவதில்லை. சாயமும், அதற்கான நீரும் எரிபொருளும் மிஞ்சுகின்றன. அடுத்து, பெண்கள் தரையில் அமர்ந்து, அரிவாள்மணை போல நிமிர்ந்து நிற்கும் பெரிய கத்தியில் துணியை இழுத்து அறுக்கின்றனர். பொத்தான், ஜிப், உள்துணி, நிறுவனச் சீட்டு எல்லாம் அகற்றப்படுகின்றன. பின்னர் முள் உருளைகள் கொண்ட எந்திரம் துணியைப் பிய்த்து நாராக்குகிறது. நார் கார்டிங் எந்திரத்தில் சிக்கெடுக்கப்பட்டு, செயற்கை இழையும் சேர்த்து நூற்கப்பட்டு, தறியில் போர்வையாகிறது. நிலநடுக்கம், வெள்ளம், போர் ஆகியவற்றால் வீடிழந்தோர்க்கு உதவி நிறுவனங்கள் வழங்கிய மலிவான போர்வைகளில் பானிப்பட்டின் பங்கு பெரிது.

அண்மை ஆண்டுகளில் இத்தொழில் நலிவுற்றுள்ளது. பாலியெஸ்டர் இழையால் ஆகும் 'ஃப்ளீஸ்' போர்வை எடை குறைந்தது, மென்மையும் பளிச்சிடும் நிறமும் உடையது, துவைக்க எளிது. விலையிலும் அது போட்டியிடத் தொடங்கியதும் ஷாடி போர்வைக்குத் தேவை குறைந்தது. பானிப்பட்டு ஆலைகள் பல புதுப் பாலியெஸ்டர் போர்வைக்கு மாறின. வேறு சில, பருத்திக் கழிவைக் கொண்டு நூற்று, கால்மிதியும் விரிப்பும் செய்கின்றன. திருப்பூரின் பனியன் வெட்டுத் துண்டுகளும் இவ்வாறே கோவை வட்டாரத்து ஓப்பன் எண்ட் ஆலைகளில் மீண்டும் நூலாகின்றன. தறி மாறியபோது ஆலை தப்பியது. நிறம் பிரித்தும் துணி அறுத்தும் பிழைத்த பெண்களுக்கு மாற்றுவேலை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை.

இழையின் இயல்பு

இம்மாற்றங்களுக்கு அடிப்படைக் காரணம் இழையில் உள்ளது. துணியைப் பிய்க்கும் ஒவ்வொரு முறையும் நாரின் நீளம் குறைகிறது. நீளம் குறைந்த நாரில் முறுக்கு நிற்காது. நூல் எளிதில் அறும். ஆகவே மீட்ட நாருடன் புதுநாரைக் கலக்க நேரிடுகிறது. மெல்லிய சட்டைத்துணி மீண்டும் மெல்லிய சட்டைத்துணி ஆவது அரிது. தடித்த நூலாகிக் கால்மிதியோ போர்வையோ ஆவதே இயல்பு. இதற்கு மாறாக, பிய்க்காமல் அப்படியே அடுக்கித் தைக்கும் காந்தாவில் இழை சிதைவதில்லை. எனவே துணியைத் துணியாகவே மறுபயன்படுத்துவது முதற்படி. பிய்த்து நாராக்குவது அடுத்த படி எனக் கொள்வதே சிக்கனம்.

இன்றைய ஆடைகளில் பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலில் கலந்துள்ளன. கையாலோ எளிய எந்திரத்தாலோ அவற்றைப் பிரித்தல் இயலாது. இழுபடும் தன்மைக்கெனச் சேர்க்கப்படும் எலாஸ்டேன் இழை பிய்க்கும் வேலையை மேலும் கடினமாக்குகிறது. செயற்கை இழைத் துணி பருத்தியைப் போல நீரை உறிஞ்சுவதில்லை. துடைக்கும் துணிக்கும் குழந்தைத் துணிக்கும் அது தகாது. ஆடை விலை குறைந்து, வாங்கும் அளவு பெருகியதால் மூட்டைகள் பெருத்துள்ளன. மூட்டைக்குள் மறுபயனுக்கு உரிய துணியின் பங்கு அதே அளவுக்குப் பெருகவில்லை. பாத்திரம் சுமக்கும் பெண்ணின் வருவாயை நேரடியாகப் பாதிப்பது இதுவே.

கொடையில் ஒழுங்கு

பழந்துணியைக் கொடையாக அளிப்பதிலும் தரம் பிரித்தல் இன்றியமையாதது என்பதை 2004 டிசம்பர் ஆழிப்பேரலை உணர்த்தியது. தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களுக்கு நாடெங்கிலுமிருந்து துணிமூட்டைகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மிகப்பல அப்பகுதி மக்களின் உடைவழக்கத்துக்கோ தட்பவெப்பத்துக்கோ பொருந்தாதவை. கிழிந்தும் அழுக்கேறியும் இருந்தவை. சாலையோரம் குவிந்து கிடந்த அத்துணிகளைப் பிரித்து ஒழுங்கு செய்யும் பணியில், தில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' என்னும் தன்னார்வ நிறுவனம் ஈடுபட்டது.

1990களின் இறுதியில் அன்ஷு குப்தா நிறுவிய அவ்வமைப்பு, பழந்துணியைத் தானமாக வழங்குவதில்லை என்னும் கொள்கை உடையது. ஊர் மக்கள் கூடிக் கிணறு தோண்டுதல், பாதை செப்பனிடுதல், மூங்கில் பாலம் அமைத்தல் போன்ற பொதுவேலைகளைச் செய்கின்றனர். அவ்வுழைப்புக்கு மதிப்பளித்துத் துணியும் பிற பொருள்களும் வழங்கப்படுகின்றன. உடுத்த இயலாத பருத்தி, தூய்மை செய்யப்பட்டு மாதவிடாய்த் துணியாகிறது. பழைய ஜீன்ஸ் பள்ளிப் பையாகிறது. துண்டுகள் பாயாகவும் விரிப்பாகவும் தைக்கப்படுகின்றன. அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. வாங்குபவரின் கண்ணியம் குன்றாமல் பழம்பொருளைப் பகிரலாம் என்பதே அவ்வமைப்பு காட்டும் வழி.

செய்யத் தக்கவை

மேற்கண்ட செய்திகளிலிருந்து நிர்வாகத்தினர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில தெளிவாகின்றன. முதலாவது, இடம். பழந்துணிச் சந்தைகளுக்கு நிலையான இடமும் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் தேவை. தெருவோர வணிகர்க்கு நகர வணிகக் குழுக்களில் இடம் அளித்த 2014ஆம் ஆண்டுச் சட்டம், பழந்துணி விற்போர்க்கும் பயன்பட வேண்டும். இரண்டாவது, பிரித்தல். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு சேகரிப்போரை நகராட்சிப் பணியுடன் இணைக்குமாறு கூறின. துணி ஈரக்குப்பையுடன் கலந்துவிட்டால் எவர் கைக்கும் உதவாது. எனவே வார்டு அளவில் உலர்ந்த துணியைத் தனியே பெற ஏற்பாடு வேண்டும். அவ்வேலையில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பெண்களுக்கே முதலிடம் அளித்தல் தகும்.

மூன்றாவது, உடல்நலம். துணி பிய்க்கும் கூடங்களில் பறக்கும் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு விளைப்பது. தூசி உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரிய வசதிகளாக நின்றுவிடலாகாது. நான்காவது, கொள்முதல். அரசு மருத்துவமனைகள், விடுதிகள், பேரிடர் நிவாரணத் துறை ஆகியவை வாங்கும் போர்வை, விரிப்பு, துடைக்கும் துணி ஆகியவற்றில் ஒரு பங்கு மீட்ட இழையால் ஆனதாக இருக்கலாம் என வரையறுத்தால் நிலையான சந்தை உருவாகும். இறுதியாக, ஆடையில் இழைக் கலப்பைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் தெளிவாகக் குறிப்பது, வாங்குபவர்க்கும் பின்னாளில் பிரிப்பவர்க்கும் ஒருங்கே துணையாகும்.

மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தம் வீட்டில் ஓராண்டில் எத்தனை துணிகள் ஒதுக்கப்படுகின்றன, அவை யார் கைக்குச் செல்கின்றன, அவற்றின் இழை என்ன என்பதைக் குறித்து வைத்தால், ஏடுகளில் இடம்பெறாத ஒரு தொழிலின் முதற்கணக்கு அவர்கள் கையிலேயே உருவாகும். வாசலில் பாத்திரத்துடன் நிற்கும் பெண், பழையதை வாங்க வந்தவர் மட்டுமல்லர். நாட்டின் துணிவளத்தை வீணாகாமல் காக்கும் ஒரு தொழில் வரிசையின் முதல் உழைப்பாளர். அவருடைய வருவாயும் பாதுகாப்பும் உறுதிப்படுமாயின், பழந்துணியின் மறுவாழ்வும் உறுதிப்படும்.